பெயின்ட் பக்கெட், மிதியடி... கொஞ்சம் தங்கம்!

ஒரு காலி பெயின்ட் பக்கெட். இரண்டடி ரப்பர் மிதியடி. நாலடி நீளத்துக்கு பி.வி.சி. பைப், அதுவும் நீளவாக்கில் பாதியாக அறுத்தது. அப்புறம், பிதுக்கினால் கெச்சப் வருமே... அந்த மாதிரி ஒரு சாஸ் பாட்டில்.

மொத்தத்தையும் எடைக்குப் போட்டால் பழைய இரும்புக் கடை அண்ணாச்சி ஒரு டீக்குக் காசு தருவாரா என்பதே சந்தேகம்! ஆனால், கலிஃபோர்னியாவில் சனிக்கிழமை விடிந்தால் இதே ஐட்டங்களை வண்டியில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஆற்றங்கரைக்குக் கிளம்புகிற கூட்டம் ஒன்று இருக்கிறது. ரிட்டயரான தாத்தா, அப்பாவும் பொண்ணும், காலேஜ் பசங்க என்று கலவையான கும்பல். மீன் பிடிக்கப் போகிறார்களா? இல்லை பாஸ்... தங்கம் பிடிக்க!

'அடப் போங்கப்பா, காது குத்தாதீங்க' என்கிறீர்களா? நிஜமாகவே கிடைக்கிறது. எவ்வளவு என்பதுதான் விஷயம். அந்தக் கணக்குக்கு அப்புறம் வருவோம். மனசைத் தேற்றிக்கொண்டு வர கொஞ்சம் டைம் வேண்டும்!

கதை தொடங்கியது 1848 ஜனவரி 24-ல். கொலோமா என்கிற இடத்தில், அமெரிக்கன் ஆற்றின் கரையில் மரம் அறுக்கும் மில் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார் ஜேம்ஸ் மார்ஷல். மில்லிலிருந்து தண்ணீர் வெளியேறும் வாய்க்காலில் ஏதோ மஞ்சளாக மினுக்கியது. எடுத்தார். கல்லின் மேல் வைத்துத் தட்டினார். உடையவில்லை, நசுங்கியது. அவ்வளவுதான்... அடுத்த சில வருடங்களில் சுமார் 3 லட்சம் பேர் கலிஃபோர்னியாவுக்குப் படையெடுத்தார்கள். மார்ஷல் ஒன்றும் பெரிதாகச் சம்பாதிக்கவில்லை. சம்பாதித்தவர் யார் தெரியுமா? சாமுவேல் பிரானன் என்கிற கடைக்காரர். மண்வெட்டி, தட்டு என்று வாங்கி ஸ்டாக் வைத்துக்கொண்டு, சான் ஃபிரான்சிஸ்கோ தெருவில் தங்கத்தூள் பாட்டிலைத் தூக்கிக் காட்டி 'தங்கம், தங்கம்' என்று கத்திக்கொண்டே போனார் மனுஷன். மார்க்கெட்டிங் படிக்கிற மாணவர்கள் நோட் பண்ணிக்கலாம்!

சாமான் விற்கிறவர் கல்லாவைக் கட்டுகிற அந்தக் கதை இன்றுவரை மாறவில்லை. 'தங்கம் தேடும் கிட்' என்று பளபளப்பான பெட்டிகள் விற்கிறார்கள். அதனால்தான் இந்த ஹாபியில் கொஞ்சம் பழம் தின்று கொட்டை போட்டவர்கள், 'வாங்காதே, செய்' என்கிறார்கள். காசு மிச்சம் என்பதற்காக மட்டும் இல்லை. கையால் செய்தால்தான் அந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்பதும், எங்கே சொதப்புகிறது என்பதும் தெரியும்.

பாட்டிக்குத் தெரிந்த ஃபிசிக்ஸ்

எல்லாக் கருவிக்கும் அடியில் இருக்கிற விஷயம் ஒன்றே ஒன்றுதான். கனமானது கீழே போகும்.

தங்கத்தின் அடர்த்தி தண்ணீரைப் போல 19.3 மடங்கு. ஆற்று மணலில் பெரும்பகுதியான குவார்ட்ஸ் 2.65 மடங்குதான். அதாவது ஒரே சைஸ் துகளில் தங்கம் ஏழு மடங்குக்கு மேல் கனம். இதையே தண்ணீருக்குள் வைத்துப் பாருங்கள். ஆர்க்கிமிடீஸ் தாத்தா இரண்டு பேரிடமிருந்தும் ஒவ்வொன்று கழித்துக்கொள்கிறார். 18.3-க்கு 1.65. வகுத்தால் 11 மடங்கு! தண்ணீருக்குள் போனதும் வித்தியாசம் இன்னும் கூடிவிடுகிறது. ஆற்றில் தேடுவதற்குக் காரணம் தங்கம் அங்கே இருப்பது மட்டுமில்லை, ஆறே பாதி வேலையைச் செய்துகொடுத்துவிடுகிறது என்பதும்தான். வளைவின் உள்பக்கம், பாறை இடுக்கு, பெரிய கல்லுக்குப் பின்னால்... தண்ணீர் வேகம் குறைகிற இடமெல்லாம் கனமான சரக்கைத் தானாகவே இறக்கிவைத்துவிட்டுப் போகிறது.

இதைப் படித்ததும் உங்கள் பாட்டி சிரிப்பார். அரிக்கஞ்சட்டி என்று ஒன்று இருந்ததே, ஞாபகமிருக்கிறதா? உள்பக்கம் வரிவரியாக மேடு வைத்த மண்சட்டி. அதில் அரிசியைப் போட்டு, தண்ணீர் விட்டு, லேசாக ஒரு ஆட்டு ஆட்டி சாய்த்தால் அரிசி அடுத்த பாத்திரத்துக்குப் போய்விடும். கல் மட்டும் வரியில் சிக்கிக்கொண்டு அடியில் உட்காரும். கலிஃபோர்னியாக்காரர் கையில் இருக்கிற தங்கத்தட்டிலும் ஓரத்தில் இதே வரிகள்தான். ஒரே ஒரு வித்தியாசம்... பாட்டி அடியில் தங்கியதைத் தூக்கி எறிந்தார். இவர்கள் மேலே போவதை எறிந்துவிட்டு அடியில் தங்கியதை வைத்துக்கொள்கிறார்கள்.

தட்டு செய்ய என்ன வேண்டும்? அகலமான, சரிவான ஓரம் உள்ள பிளாஸ்டிக் பேசின் போதும். இரும்புச் சட்டியைவிட பிளாஸ்டிக் நல்லது. துருப்பிடிக்காது, அடியில் காந்தம் வைத்துப் பார்க்கலாம். கறுப்போ கரும்பச்சையோ இருந்தால் மஞ்சள் துகள் பளிச்சென்று தெரியும். ஓரத்தில் மூன்று, நான்கு வரிகளைச் சூடான கம்பியால் கவனமாக இழுத்துவிட்டால் உங்கள் 'மாடர்ன் அரிக்கஞ்சட்டி' ரெடி. புது பேசினில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். இது முக்கியம். தங்கத் துகள் ரொம்ப நுண்ணியதாக, தகடாக இருந்தால் எண்ணெய் பட்டதும் தண்ணீர் மேலேயே ஜாலியாக மிதந்து வெளியே போய்விடும்! தண்ணீரில் ஒரே ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு விட்டால் பரப்பு இழுவிசை குறைந்து துகள் மூழ்கும். 19.3 மடங்கு கனமான உலோகத்தை ஒரு சொட்டு சோப்பு காப்பாற்றுகிறது என்றால் பாருங்களேன்.

அடுத்தது சல்லடை. பெயின்ட் பக்கெட்டின் அடியில் அரை அங்குலத் துளைகளாக டிரில் போட்டு, அதை இன்னொரு பக்கெட் மேல் சொருகிவிட்டால் முடிந்தது. மண்ணை அள்ளிப் போட்டு, தண்ணீர் ஊற்றி ஆட்டினால் பெரிய கல்லெல்லாம் மேலேயே நின்றுவிடும். 'இது எதுக்கு வெட்டி வேலை?' என்று பலரும் சல்லடையைக் கட் அடித்துவிடுகிறார்கள். ஸ்டோக்ஸ் விதி படித்தவர்கள் அப்படிச் செய்யக்கூடாது! நுண்ணிய துகள் தண்ணீரில் மூழ்கும் வேகம் அடர்த்தி வித்தியாசத்தை மட்டுமில்லை, சைஸின் வர்க்கத்தையும் பொறுத்தது. 11-ன் வர்க்கமூலம் கிட்டத்தட்ட 3.3. ஆக, தங்கத் துகளைவிட 3.3 மடங்கு பெரிய மணல் துகள் தங்கத்தோடு சரிசமமாகக் கீழே இறங்கும். சலித்து சைஸை ஒன்றாக்கிவிட்டால்தான் கனம் பேசும். பொடித் தங்கம் தேடுகிறவர்கள் ஒரு சல்லடையோடு நிறுத்தாமல், இன்னும் பொடியான வலை இரண்டு, மூன்று வைத்துச் சலிப்பது இதனால்தான்.

மிதியடிக்கு வந்த மவுசு

தட்டை மட்டும் வைத்துக்கொண்டு நாள் முழுக்கக் குந்தியிருந்தால் இடுப்பு கழன்றுவிடும். அதனால்தான் ஓடைப்பெட்டி... அவர்கள் பாஷையில் ஸ்லூஸ். இந்த ஹாபியின் ஹீரோ இதுதான்.

பாதியாக அறுத்த அகலமான பி.வி.சி. பைப், அல்லது கூரைத் தண்ணீர் வடியும் தகரத் தாழ்வாரம், இல்லாவிட்டால் மூன்று பலகை அடித்த ஒரு நீளப் பெட்டி... எதுவானாலும் சரி. உள்ளே தரையில் மிதியடியை விரிக்க வேண்டும். கோடுகோடாக வரி ஓடும் ரப்பர் மிதியடி, முடிமுடியாக இருக்கிற கார்ப்பெட் மிதியடி இரண்டுமே ஓகே. அதன் மேல் வலைத்தகடு. அதற்கும் மேல், குறுக்கே குறுக்கே சின்னச் சட்டங்கள். பெட்டியை ஓடும் தண்ணீரில் வைத்து மேல் முனையில் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால், தண்ணீர் ஒவ்வொரு சட்டத்தையும் தாண்டிக் குதிக்கிறது. குதித்த இடத்துக்குப் பின்னால் ஒரு குட்டிச் சுழல் உண்டாகிறது. லேசான மணலை அந்தச் சுழல் தூக்கி வெளியே வீசிவிடும். தங்கம் அதிலிருந்து நழுவி மிதியடி முடிக்குள் போய் ஒளிந்துகொள்ளும்.

இந்த ஐடியா கலிஃபோர்னியாவில் பிறந்ததில்லை. கருங்கடல் ஓரம், இன்றைய ஜார்ஜியா நாட்டு மலைப் பகுதியில் துளையிட்ட தொட்டிகளையும் ஆட்டுத்தோலையும் வைத்து ஆற்றுத் தங்கத்தைப் பிடித்தார்கள் என்று சுமார் 2,000 வருடம் முன்பே ஸ்ட்ராபோ எழுதிவைத்திருக்கிறார். கிரேக்கப் புராணத்தில் வரும் 'தங்க ஆட்டுத்தோல்' கதைக்கு இதுதான் மூலம் என்பது அவர் காலத்திலேயே இருந்த பேச்சு. அன்றைக்கு ஆட்டு ரோமம், இன்றைக்கு மிதியடி!

ஸ்லூஸ் செய்வது அரை நாள் வேலை. அதைச் சரியாக வைப்பதுதான் வித்தை. அடிக்கு ஒரு அங்குலச் சரிவு என்பது பொதுவான கணக்கு. நாலடிப் பெட்டிக்கு மேல் முனை நாலு அங்குலம் உயரம். அதோடு நிற்காமல் சட்டங்களுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று குனிந்து பார்க்க வேண்டும். மணல் அங்கே மெதுவாக டான்ஸ் ஆடிக்கொண்டிருந்தால் சரி. ஆட்டம் நின்று மணல் சிமென்ட் மாதிரி இறுகிவிட்டால் சரிவு போதாது. புதிதாக வரும் தங்கத்துக்கு உள்ளே இடமில்லாமல் வழுக்கிக்கொண்டு போய்விடும். மணலே இல்லாமல் துடைத்துவிட்டது மாதிரி இருந்தால் வேகம் அதிகம், தங்கமும் ஆற்றோடு டாட்டா காட்டிவிட்டது. பெட்டிக்கு அடியில் ஒரு கல்லைச் சொருகுவது, உருவுவது... இந்தச் சின்ன வேலையில்தான் ஆளின் கை தெரியும்.

கடைசியில் மிதியடியை ஒரு பக்கெட்டுக்குள் உதறினால் கறுப்பாக ஒரு மணல் சேரும். பெரும்பாலும் மேக்னடைட் என்கிற இரும்புத் தாது. அடர்த்தி 5.2. தங்கத்தோடு கடைசி வரை ஒட்டிக்கொண்டு வருகிற ஃபிரெண்ட் இவர்தான். பிளாஸ்டிக் கவருக்குள் போட்ட காந்தத்தைக் காட்டினால் கவரோடு ஒட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுவார். கவரிலிருந்து காந்தத்தை உருவினால் அப்படியே உதிர்ந்தும் விடுவார். மிச்சமிருக்கும் மஞ்சள் புள்ளிகளை உறிஞ்சி எடுக்கத்தான் அந்த சாஸ் பாட்டில். மூக்கில் ஒரு குட்டி டியூபைச் சொருகி, பாட்டிலை அமுக்கி விட்டால் தண்ணீரோடு புள்ளியும் உள்ளே வந்துவிடும்.

மினுக்குவதெல்லாம் தங்கமா என்று தெரிந்துகொள்ள லேப் தேவையில்லை. தட்டைத் திருப்பி உங்கள் நிழலில் பிடியுங்கள். மைக்காவும் பைரைட்டும் வெயிலில் ஒரு கோணத்தில் மட்டும் ஷோ காட்டிவிட்டு நிழலில் அணைந்துவிடும். தங்கம் நிழலிலும் மஞ்சள்தான். ஊசியால் குத்தினால் பைரைட் நொறுங்கும், தங்கம் பள்ளம் விழும். மார்ஷல் 1848-ல் செய்த அதே டெஸ்ட்!

தண்ணீரே இல்லாத ஊரில்? மேற்கு ஆஸ்திரேலியாவில் 1892-ல் கூல்கார்டி, 1893-ல் கல்கூர்லி என்று தங்கம் கிளம்பியபோது குடிக்கவே தண்ணீர் இல்லை. ஆட்கள் ஒரு தட்டிலிருந்து இன்னொரு தட்டுக்குக் காற்றில் மண்ணைக் கொட்டினார்கள். தூசி பறந்தது, கனமானது நேராக விழுந்தது. நம் களத்துமேட்டில் நெல் தூற்றுகிறோமே, டிட்டோ! இன்றைக்கு அரிசோனா பாலைவனத்தில் ஹாபிக்காரர்கள் துணி கட்டிய பெட்டிக்கு அடியிலிருந்து காற்று ஊதுகிற மெஷினை வீட்டிலேயே செய்துகொள்கிறார்கள்.

ஒரு பவுனுக்கு எத்தனை புள்ளி?

சரி, மனசைத் தேற்றிக்கொண்டீர்களா? கணக்கு இதோ. அரை மில்லிமீட்டர் நீளம், அரை மில்லிமீட்டர் அகலம், 0.1 மில்லிமீட்டர் தடிமன் உள்ள ஒரு தங்கத் துகள் என்று வைத்துக்கொள்வோம். தட்டில் அது கண்ணுக்கு நன்றாகத் தெரியும், பார்த்ததும் ஹார்ட்பீட்டும் எகிறும். அதன் எடை அரை மில்லிகிராமுக்கும் கொஞ்சம் கம்மி. ஒரு கிராமுக்கு சுமார் 2,000 துகள். ஒரு பவுனுக்கு 16,500 துகள்! பெட்ரோல் காசு, சாப்பாடு, முதுகுவலித் தைலம் எல்லாம் கழித்தால்... விடுங்க, கல்யாணத்துக்கு நகை சேர்க்கும் வழி இது இல்லை. அதனால்தான் இதை அவர்கள் தொழில் என்று சொல்வதில்லை, ஹாபி என்கிறார்கள். நாள் முழுக்க அரித்துவிட்டு பாட்டிலில் ஏழெட்டுப் புள்ளியோடு வீடு திரும்புகிறவர் சந்தோஷமாகத்தான் திரும்புகிறார்.

ரூல்ஸும் நிறைய. கொலோமாவில் மார்ஷல் தங்கம் கண்ட இடம் இப்போது மாநிலப் பூங்கா. அங்கே குறிப்பிட்ட பகுதியில் கையும் தட்டும் மட்டும்தான் அனுமதி, ஸ்லூஸ்கூடக் கூடாது. மோட்டார் வைத்து ஆற்றடியை உறிஞ்சுகிற மெஷினுக்கு கலிஃபோர்னியா 2009-ல் தடை போட்டது. மீன்கள் ஒரு காரணம். இன்னொரு காரணம் பாதரசம். 19-ம் நூற்றாண்டுச் சுரங்கக்காரர்கள் தங்கத்தைப் பிடிக்க டன் கணக்கில் பாதரசத்தை ஸ்லூஸில் ஊற்றினார்கள். அதில் கணிசமானது ஆற்றோடு போய் இன்னமும் அடிமண்ணில் படுத்திருக்கிறது. இன்றும் சில சமயம் தட்டில் தங்கம் வெள்ளி மாதிரி வெளுத்து வருவதற்கு அந்தப் பழைய பாதரசம்தான் காரணம். கிளறினால் தண்ணீருக்கு வரும், அப்புறம் மீனுக்கு, அப்புறம் சாப்பிடுகிறவருக்கு.

வீட்டுக் கருவி என்று சொல்லிக்கொண்டு பாதரசம், நைட்ரிக் ஆசிட் என்று யாராவது ஐடியா கொடுத்தால் அந்த நிமிடமே எஸ்கேப் ஆகிவிடுங்கள். பாதரசம் கலந்த தங்கத்தைச் சூடாக்கும்போது வருகிற ஆவி கண்ணுக்குத் தெரியாது, நேராக நரம்பு மண்டலத்தைப் பதம் பார்க்கும். இது ஏதோ அமெரிக்கச் சமாச்சாரம் இல்லை. கோவையில் நகைப் பட்டறைகள் இருக்கும் தெருக்களில் சாக்கடை மண்ணை அள்ளி, அரித்து, பட்டறையிலிருந்து சிந்திய தங்கத்தூளை எடுத்துப் பிழைக்கிற குடும்பங்கள் உண்டு. தட்டும் தண்ணீரும் வைத்து அவர்கள் செய்வது கலிஃபோர்னியாக்காரர் செய்யும் அதே வேலை. ஆனால் அவர்களுக்கு அது வீக் எண்ட் இல்லை, ராத்திரிச் சாப்பாடு. பட்டறை மண்ணிலிருந்து பொடித் தங்கத்தைப் பிரிக்க இந்தப் பாதரசத்தையும் ஆசிட்டையும் வெறும் கையால் தொடுகிற நிலைமை இருக்கிறது. கெமிக்கல் இன்ஜினீயரிங் மாணவர்களுக்கு ஒரு கேள்வி: பாதரசமே இல்லாமல் பொடித் தங்கத்தைப் பிடிக்கிற ஒரு சின்ன, மலிவான ஸ்லூஸை அவர்களுக்காக டிசைன் பண்ண முடியாதா? ஃபைனல் இயர் புராஜெக்டுக்கு டாப்பிக் தேடி அலைகிறீர்கள்தானே!

'நம்ம ஊர் ஆத்துல தங்கம் இல்லையா சார்?' இருக்கிறது. நீலகிரியில் தேவாலா, பந்தலூர் பக்கம் 1880 வாக்கில் ஒரு தங்க வேட்டையே நடந்தது. லண்டனில் டஜன் கணக்கில் கம்பெனிகள் தொடங்கி, ஷேர் விற்று, மெஷின்களைக் காட்டுக்குள் இழுத்துவந்து, சில வருடங்களிலேயே திவாலாகிப் போனார்கள். அதே மலைகளிலிருந்து இறங்கும் சாலியாற்றில், கேரளத்தின் நிலம்பூர் பக்கம் மரத்தட்டை வைத்து அரிக்கிறவர்கள் உண்டு. ஜார்க்கண்டில் ஓடும் சுவர்ணரேகா ஆற்றுக்குப் பெயரிலேயே தங்கம்.

உடனே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள்! ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் கட்டணம் கட்டி 'மைனர்ஸ் ரைட்' வாங்கினால் 10 வருடத்துக்கு ஹாபியாகத் தேடலாம். நம் நாட்டில் அப்படியொரு ஹாபி லைசென்ஸ் கிடையாது. 1957-ம் வருட சுரங்கங்கள், கனிமங்கள் சட்டப்படி உரிமம் இல்லாமல் கனிமம் தேடுவதே குற்றம், 5 வருடம் வரை ஜெயில். தேவாலா பக்கம் கைவிடப்பட்ட பழைய சுரங்கங்களுக்குள் எட்டிப்பார்க்கிற வீரமெல்லாம் வேண்டவே வேண்டாம். உள்ளே ஆக்சிஜன் இருக்குமா, கூரை நிற்குமா என்று யாரும் கேரன்டி தர முடியாது.

அப்போ இங்கே என்னதான் பண்றது? கருவியைச் செய்யலாம், டெஸ்ட் பண்ணலாம். அதற்கு ஆறே தேவையில்லை. வீடு கட்டுகிற இடத்தில் கேட்டு ஒரு சட்டி ஆற்று மணல் வாங்கி, உங்கள் பேசினில் அரித்துப் பாருங்கள். பழுப்பு மணல் போகப் போக, கடைசியில் கறுப்பாக ஒரு கீற்று தங்கும். அதுதான் கறுப்பு மணல். அந்தக் கீற்று வரும்வரை கையை ஆட்டிப் பழகுவதே ஒரு போதை!

கை பழகியதும் அடுத்த பரீட்சை. அமெரிக்காவில் புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் தூண்டிலில் போடும் ஈயக்குண்டை நசுக்கி, எண்ணி மணலில் போட்டு, எத்தனை திரும்பி வருகிறது என்று பார்ப்பார்கள். ஈயம் கையில் ஒட்டுகிற விஷம், நமக்கு வேண்டாம். காலேஜ் ஒர்க்‌ஷாப்பில் லேத் அடியில் கிடக்கும் பித்தளைத் துருவல் போதும். பித்தளையின் அடர்த்தி சுமார் 8.5, தங்கத்தில் பாதிகூட இல்லை. அதனால் இது தங்கத்தைவிடக் கஷ்டமான டெஸ்ட். பித்தளை உங்கள் ஸ்லூஸில் தங்கினால் தங்கம் கண்ணை மூடிக்கொண்டு தங்கும். பொடிப்பொடியாக 20 துருவலை எண்ணி, ஒரு பக்கெட் மணலில் கலந்து, ஹாஸ்டல் பாத்ரூம் குழாயடியில் பெட்டியை வைத்து ஓடவிடுங்கள். வெளியே வருகிற மணலை இன்னொரு டப்பில் பிடிக்க மறக்கவேண்டாம், இல்லாவிட்டால் டிரெயினேஜ் அடைத்து வார்டன் வந்துவிடுவார்.

12 திரும்பி வந்தால் சரிவை மாற்றுங்கள். 17 வந்தால் மிதியடியை மாற்றிப் பாருங்கள். 19 வந்துவிட்டால்... அந்த ஒன்று பெட்டியின் எந்த மூட்டில் இடுக்கிக்கொண்டிருக்கிறது என்று டார்ச் அடித்துத் தேட ரூம்மேட்டை எழுப்புங்கள்.